நெஞ்சொலியைக் கற்பித்தோர்

வைத்தியர் ஒருவர் நம்மை எவ்வாறு சோதிக்கிறார் என்பதை நேயர்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். முகத்தைப் பார்க்கிறார், கையைப் பிடித்து நாடி பார்க்கிறார், நாவை நீட்டச் சொல்கிறார். பின்னர் நம் மார்பின்மீது ஒரு விரலைப் பதித்து, மற்றக் கைவிரலால் அதன்மேல் இரண்டொரு முறை தட்டுகிறார். ஈற்றில் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்துவிடும்படி பணிக்கிறார். இவை யாவும் முடிவதற்கு ஐந்து நிமிடங்கூடச் செல்வதில்லை. நாமும் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, அவர் எழுதப்போகும் மருந்துத் துண்டையே எதிர்பார்த்து இருக்கிறோம்.

இந்த ஐந்து நிமிடச் செயல் ஒரு முறையாக நிலைபெறுவதற்கு மேலைநாட்டு வைத்திய உலகம் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. அதைக் கண்டுபிடிக்கச் சென்ற காலம் சிறிது. கற்பிக்கச் சென்ற காலமே பெரிது. வியன்னா நகரிலே தொடங்கிப் பாரிஸ் நகரிலே முதிர்ந்த அந்த வரலாறு, கடல் கடந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயிலும் ஒரு கிளை விட்டது. அதனையே இன்று சொல்லப் புகுந்தேன்.

நோயை நாடி அறிதல் நமக்குப் புதிதன்று. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டினையும் தேர்ந்து நோயைத் துணிவது சித்த வைத்தியரின் மரபு. நாடியின் நடையை ஏட்டைப் படித்து மட்டும் எவரும் அறிந்ததில்லை. குரு பிடித்த கையை மாணாக்கனும் பிடித்து, அவர் உணர்ந்ததைத் தானும் உணர்ந்தாலன்றி அந்த வித்தை கைவராது. மேலைநாட்டாரும் இதே உண்மையை வேறொரு வழியாக, மிகுந்த காலச் செலவோடு கற்றுக்கொண்டனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரிலே பூர்ஹாவே என்னும் பேராசிரியர் இருந்தார். ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு, ஆகப் பன்னிரண்டு கட்டில்களே அவருடைய வகுப்பறை. மாணவரை அக்கட்டில்களின் அருகே நிறுத்தி வைத்தியம் கற்பித்தார். ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் மாணவர் அங்கே வந்து குழுமினர். அவருள் ஒருவரான வான் சுவீற்றன் என்பவரை ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1745 ஆம் ஆண்டில் வியன்னாவுக்கு அழைத்துக்கொண்டார். கட்டிலருகே கற்பிக்கும் வழக்கம் இவ்வாறு வியன்னாவுக்கு வந்தது.

ஆயினும் அக்காலத்து வைத்தியர் நோயாளியின் உடலைத் தொட்டுச் சோதிப்பது குறைவு. நோயாளி சொல்லும் கதையைக் கேட்பர், நாடி பார்ப்பர், சிறுநீரைப் பார்ப்பர். மார்பு என்னும் எலும்புக் கூட்டினுள்ளே என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கு இருள். நெஞ்சிலே நீர் கட்டியிருக்கிறதா, சுவாசப்பை கெட்டுப்போயிற்றா, இருதயம் வீங்கியிருக்கிறதா என்பவை நோயாளி இறந்து, உடலைப் பிளந்து பார்த்த பின்னரே தெரியவந்தன.

1761 ஆம் ஆண்டிலே இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, இத்தாலியிலுள்ள படுவா நகரின் முதுபெரும் பேராசிரியர் மோர்காக்னி எழுதியது. ஒவ்வொரு நோயும் உடலில் எவ்வுறுப்பில் குடிகொண்டிருக்கிறது என்பதை, இறந்தோர் உடல்களை ஆராய்ந்து காட்டிய பெருநூல் அது. வெளிவந்தவுடனேயே உலகம் அதைப் போற்றியது. மற்றது வியன்னாவில் வெளிவந்த, நூறு பக்கமும் நிரம்பாத ஒரு சிறு இலத்தீன் நூல். உயிரோடிருப்பவரின் மார்பினுள்ளே உள்ள நோயை அறியும் வழியை அது கூறியது. அதனை எவரும் பொருட்படுத்தவில்லை.

அந்தச் சிறு நூலின் ஆசிரியர் லெயோபோல்ட் ஔவன்புறுக்கர். 1722 ஆம் ஆண்டில் கிராஸ் நகரிலே ஒரு விடுதிக்காரரின் மகனாகப் பிறந்தவர். நிலவறையிலே மதுப் பீப்பாக்களைத் தட்டிப்பார்த்து, ஒலியைக் கொண்டே மது எம்மட்டத்தில் நிற்கிறதென்று தந்தையார் கண்டுகொள்வதைச் சிறுவயதிற் பார்த்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. வெறுங்குடத்தையும் நிறைகுடத்தையும் தட்டிப் பார்த்த நமக்கு இதில் வியப்பில்லை. அவர் நல்ல இசைப்பயிற்சியும் உடையவர். சாலியேரி என்னும் இசைமேதை அமைத்த ஓர் இசைநாடகத்துக்கு உரையாடல் எழுதிக் கொடுத்தவர். காது பழகிய மனிதர் என்பது மட்டும் உறுதி.

வியன்னாவின் ஸ்பானிய வைத்தியசாலையிலே பணி செய்தபோது, ஏழாண்டு காலம் அவர் நோயாளரின் மார்பை விரல்நுனிகளாலே தட்டித் தட்டிக் கேட்டார். சட்டையை மார்பின்மேல் இறுக இழுத்துப் பிடிக்கச் செய்வார். அன்றேல் தம் கையிலே தோலுறை அணிந்துகொள்வார். நோயற்ற மார்பு, தடித்த துணி போர்த்த மேளத்தைத் தட்டினாற்போல ஒலிக்கும் என்று எழுதினார். நீர் கட்டிய இடத்தில் அல்லது சுவாசப்பை இறுகிய இடத்தில், தொடையைத் தட்டினாற்போன்ற மந்த ஒலி எழும் என்றார். ஐயம் தீர்ப்பதற்காக, இறந்தவரின் மார்பினுள்ளே நீரைச் செலுத்தி, அதன் மட்டம் எங்கே நிற்கிறதென்பதைத் தட்டியே அறியக்கூடும் என்றும் மெய்ப்பித்தார்.

இதிலே வெறும் அறிவுப்பசி மாத்திரம் இருக்கவில்லை. நெஞ்சிலே கட்டிய நீரையோ சீழையோ துளையிட்டு வெளியேற்றினால் உயிர் பிழைக்கக்கூடியவர் சிலர் உண்டு. எந்தப் பக்கத்தில், எந்த விலாவின் கீழ்த் துளைப்பது? அது தெரியாமையால் எத்தனையோ பேர் மூச்சுத் திணறி மாண்டனர். அதற்கு விடை சொன்ன நூல், புத்தகக்கடையில் தூசு படிந்து கிடந்தது.

காரணம் என்ன? பொறாமை என்று சிலர் கூறுவர். புதுமை செய்வோர்க்கு வரும் பகையைத் தாம் அறிவார் என்று ஔவன்புறுக்கரே முன்னுரையிற் குறித்திருக்கிறார். வியன்னாவின் வைத்தியப் பேராசிரியர் டி ஹாயன், பல பாகங்களாகத் தம் நோயாளர் வரலாறுகளை எழுதி வெளியிட்டவர், இம்முறையைக் கண்டுகொள்ளவேயில்லை. பழைய கிரேக்க வைத்தியர் நோயாளியைப் பிடித்து உலுக்கி ஒலி கேட்ட முறைதான் இது என்று மயங்கினோரும் இருந்தனர். பொறாமை, மயக்கம் இரண்டும் உண்மையே. ஆனால் நான் ஆசிரியனாக இருந்து பார்க்கையில் வேறொரு காரணமும் தெரிகிறது. ஔவன்புறுக்கரிடம் பல்கலைக்கழகத்துக் கற்பிக்கும் பதவி இருக்கவில்லை. அவரோடு கட்டிலுக்குக் கட்டில் நடந்து, அவர் தட்டிய இடத்திலே தாமும் தட்டி, அவர் கேட்ட ஒலியைத் தாமும் கேட்ட மாணவர் கூட்டம் ஒன்று உருவாகவில்லை. மேளத்தின் ஒலி என்றும் தொடையின் ஒலி என்றும் நூலிலே வாசித்தவனுக்கு, அது வெறும் சொல். பாகசாத்திரத்தைப் படித்து ஊறுகாயின் பதம் அறிய முடியுமா?

இதற்கொரு வேடிக்கையான சான்றும் உண்டு. 1770 ஆம் ஆண்டில் இந்நூலைப் பிரெஞ்சு மொழியில் ஒருவர் பெயர்த்தார். பெயர்த்தவரே, தாம் இம்முறையைச் செய்து பார்த்ததில்லை என்று எழுதிவிட்டார்! பின்னர் வியன்னாவிலே மக்சிமிலியன் ஸ்டோல் என்னும் பேராசிரியர் இதனைக் கையாண்டு, மாணவர்க்கும் காட்டி, தம் நூல்களிலும் குறித்தார். ஸ்டோல் 1787 ஆம் ஆண்டில் இறந்ததும் வியன்னாவில் அப்பழக்கமும் அற்றுப்போயிற்று.

ஆயினும் ஸ்டோலின் எழுத்து பாரிசிலே ஒருவர் கையிற் பட்டது. அவரே கொர்விசார், பின்னாளில் நெப்போலியனின் வைத்தியராக விளங்கியவர். பொய்ம்மயிர் தரிக்க மறுத்ததற்காக இளமையில் ஒரு வைத்தியசாலைப் பதவியை இழந்தவர் என்று ஒரு கதை சொல்வர், பிடிவாதக்காரர்.

பிரெஞ்சுப் புரட்சி பழைய வைத்தியக் கல்விச்சாலைகளை மூடிவிட்டது. போர்க்களங்களுக்கு வைத்தியர் வேண்டியிருந்தமையால், 1794 ஆம் ஆண்டின் இறுதியிலே பாரிஸ், மொன்பெலியே, ஸ்திராஸ்பூர்க் ஆகிய மூன்று நகரங்களிலும் புதிய சுகாதாரக் கல்விச்சாலைகள் அமைக்கப்பட்டன. வாசிப்பிலும் பார்க்கக் காண்பதும் செய்வதுமே முதன்மை என்பது அவற்றின் கொள்கை. வைத்தியசாலையே பள்ளிக்கூடமாயிற்று. சரிட்டே வைத்தியசாலையிலே கொர்விசார் காலைதோறும் மாணவரோடு கட்டில்களைச் சுற்றிவந்தார். மார்பைத் தட்டிக் காட்டினார். மாணவரையும் தட்டச் செய்தார். நோயாளி இறந்தால், முன்னே தாம் சொன்னது சரியா பிழையா என்பதை அவர்கள் முன்னிலையிலேயே உடலைப் பிளந்து பார்த்தார். ஆசிரியர் தம் கணிப்பை மாணவர் கண்முன்னே சோதனைக்கு வைக்கும் வகுப்பறை எளிதிற் காணக்கூடியதன்று.

இவ்வாறு ஏறக்குறைய இருபது ஆண்டு பழகிய பின்னரே, 1808 ஆம் ஆண்டில், ஔவன்புறுக்கரின் நூலை விரிவான உரையோடு பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். மூலத்தைப் போலப் பன்மடங்கு பெரிது அவ்வுரை. ஔவன்புறுக்கரின் பெயரை மறைத்துத் தம் கண்டுபிடிப்பாகவே அதனை உலகுக்குக் கொடுத்திருக்கலாம். அவ்வாறு செய்ய விரும்பவில்லை, அந்த மனிதரின் புகழை மீட்பதே தம் நோக்கம் என்று முன்னுரையில் எழுதினார். நாற்பத்தேழு ஆண்டு கிடந்த நூல் உயிர்பெற்றது. அடுத்த ஆண்டு மே மாதத்திலே நெப்போலியனின் படை வியன்னாவுக்குள் நுழைந்தது. அதே மாதத்தில் ஔவன்புறுக்கர் தமது 86 ஆம் வயதில் அந்நகரிற் காலமானார்.

கொர்விசாரின் மாணவருள் மெலிந்த உடலினர் ஒருவர் இருந்தார். தெயோபில் லயனெக் என்பது அவர் பெயர். பிரித்தானி மாகாணத்தைச் சேர்ந்தவர். ஐந்து வயதிலே தாயை இழந்து, நாந்த் நகரில் வைத்தியராயிருந்த சிறிய தந்தையாரின் ஆதரவில் வளர்ந்தவர். புல்லாங்குழல் வாசிப்பார், மரம் கடைவார். 1816 ஆம் ஆண்டிலே நெக்கர் வைத்தியசாலையிற் பதவி பெற்றார். அவ்வாண்டில் இருதய நோயின் குறிகளோடு ஓர் இளம்பெண் அவரிடம் வந்தாள். உடல் பருத்தவளாதலால் தட்டிப் பார்ப்பதாற் பயன் விளையவில்லை. மார்பிலே காதை வைத்துக் கேட்கும் வழக்கம் அரிதாக இருந்ததெனினும், இளம்பெண்ணிடத்து அது தகாதது. மரத்தூணின் ஒரு நுனியிலே குண்டூசியாற் கீறினால் மறுநுனியிற் காது வைத்தவனுக்கு அது தெளிவாய்க் கேட்கும் என்பது அவருக்கு நினைவு வந்தது. கையிற் கிடைத்த காகிதக் கட்டை இறுகச் சுருட்டி, ஒரு நுனியை அவள் நெஞ்சிலும் மறுநுனியைத் தம் காதிலும் வைத்தார். வெறுங்காதிற் கேட்பதைவிடத் தெளிவாக இருதயத் துடிப்பைக் கேட்டார்.

காகிதச் சுருள் பின்னர் மரக்குழலாயிற்று. ஓரடி நீளமுள்ள அக்குழலைத் தாமே கடைந்தெடுத்தார். அதுவே முதல் ஸ்டெதஸ்கோப். மூன்றாண்டு காலம் அக்குழலோடு நோயாளரைக் கேட்டு, கணிப்பை அவர் உயிரோடிருக்கும்போதே குறிப்பில் எழுதுவித்து, இறந்தோர் உடலோடு அதை ஒப்பிட்டு, 1819 ஆம் ஆண்டில் இரண்டு பாகமாகத் தம் நூலை வெளியிட்டார்.

கற்பிப்பதிலே அவருக்கு வந்த இடர்ப்பாடு மிக நுட்பமானது. கையைப் பிடித்துக் காட்டலாம்; கண்ணுக்குச் சுட்டிக் காட்டலாம். காதிற் கேட்பதை எவ்வாறு காட்டுவது? அக்குழல் ஒரு காதுக்கே உரியது. ஆசிரியர் கேட்டு எழுந்த பின்னரே மாணவன் குனிந்து கேட்க முடியும். தாம் கேட்ட ஒலியைத்தான் அவனும் கேட்டான் என்பதற்கு உறுதி ஏது?

லயனெக் இதற்குக் கண்ட வழி, ஒலிகளுக்குப் பெயரிடுதல். அப்பெயர்களை வீட்டிலும் வயலிலும் எவரும் கேட்கும் ஒலிகளோடு பொருத்தினார். சுவாசப்பை அழற்சியின் தொடக்கத்திலே எழும் ஒலி, சூடான சட்டியில் உப்புப் பொரிவது போன்றது. சளியாற் குழாய் நெருங்கிய இடத்திலே குறட்டை போன்றதும், காட்டுப்புறாவின் குமுறல் போன்றதுமான ஒலி எழும். நெஞ்சில் நீர் கட்டியவன் பேசும்போது குழலின் வழியே கேட்கும் குரல், ஆட்டின் கனைப்பை ஒத்தது. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் இவ்வழியை ஆசிரிய கலாசாலைகளில் நாம் பாடமாகக் கற்றோம். பிரித்தானியிலிருந்து வந்த இவ்வைத்தியருக்கு அதைக் கற்பித்தவை நோயாளரின் நெஞ்சுகளே.

பிறநாட்டு மாணவர் நூற்றுக்கணக்கில் அவரிடம் வந்தனர். அவர்களும் விளங்கிக்கொள்ளவேண்டும், நோயாளி விளங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கட்டிலருகே இலத்தீன் மொழியிலே பேசினார். சாகுந்தறுவாயில் தொண்டையில் எழும் ஒலிக்குப் பிரெஞ்சுப் பொதுமக்கள் வழங்கிய சொல்லையே, மார்பின் ஒருவகை ஒலிகளுக்குப் பெயராக அவர் நூலில் வைத்திருந்தார். அச்சொல் கட்டிலிற் கிடப்பவன் காதில் விழுந்தால் அவன் தன் முடிவு நெருங்கியதென்று அஞ்சுவான் அல்லவா? ஆகவே நோயாளிமுன் அதே பொருளுள்ள வேறொரு சொல்லைப் பயன்படுத்தினார். அந்தப் பரிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

நோயை அறிவதனால் என்ன பயன், தீர்க்க முடிகிறதா என்று அவரை எள்ளியவரும் உண்டு. பிறூசே என்னும் புகழ்பெற்ற போட்டியாளர் எல்லா நோய்க்கும் அட்டைகளை விட்டு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். சயரோகத்துக்கு அன்று மருந்தில்லை என்பது மெய்யே. அதன் கிருமியை 1882 ஆம் ஆண்டிலேதான் கொக் கண்டறிந்தார்; தக்க மருந்து 1940 களிலேதான் வந்தது. ஆனால் எது சயரோகம், எது வேறு என்று பிரித்தறியாத உலகம் கிருமியை எங்கே தேடியிருக்கும்?

லயனெக்கை அந்நோயே பற்றியது. 1826 ஆம் ஆண்டிலே தம் நூலின் இரண்டாம் பதிப்பை முடித்துவிட்டுப் பிரித்தானிக்குத் திரும்பினார். சிறிய தந்தையாரின் மகனும் வைத்தியருமான மெரியாடெக்கிடம் குழலைக் கொடுத்துத் தம் மார்பைக் கேட்டுச் சொல்லும்படி பணித்தார். அவ்விளைஞர் சொன்ன குறிகள், நூற்றுக்கணக்கான நெஞ்சுகளில் லயனெக்கே கேட்டுப் பெயரிட்டவை. ஆசிரியருக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 13 ஆம் நாள், 45 வயதில் அவர் காலமானார். தம் குழலை மெரியாடெக்குக்கே விட்டுச் சென்றார்.

அவருடைய நூலை 1821 ஆம் ஆண்டில் ஆங்கிலத்திற் பெயர்த்த ஜோன் போர்ப்ஸ் என்பவர், இம்முறை பொதுவழக்கில் வருமென்று தமக்குத் தோன்றவில்லை என்று எழுதினார். மிகுந்த நேரமும் உழைப்பும் வேண்டும், நம்மவர் பழக்கத்துக்கு ஒவ்வாது என்பது அவர் எண்ணம். நூலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் சொன்னது சரி. அவர் கணக்கில் எடுக்காதது, பாரிசிலே காதைப் பழக்கிக்கொண்டு தத்தம் ஊர் திரும்பிய மாணவரை. 1830 களிலே அமெரிக்காவிலிருந்தும் இளைஞர் பலர் பாரிஸ் சென்று கற்றுத் திரும்பினர். வியன்னாவும் விழித்துக்கொண்டது, ஸ்கோடா என்னும் பேராசிரியர் 1839 ஆம் ஆண்டில் இவ்வொலிகளின் பௌதிகக் காரணங்களை விளக்கி நூல் எழுதினார்.

இக்காலத்து அமெரிக்க வைத்தியக் கல்வியிலே பயின்று வந்தவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர். 1845 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே வைத்தியப் பட்டம் பெற்று, 1847 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். 1848 ஆம் ஆண்டில் மானிப்பாயிலே அமர்ந்து, அவ்வாண்டிலேயே மாணவர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870 ஆம் ஆண்டில்; அதற்கு 22 ஆண்டு முந்தியது மானிப்பாய் வகுப்பு. அங்கே வைத்தியசாலையும் வகுப்பும் வெவ்வேறல்ல. நாளும் வந்து நிற்கும் நோயாளரே பாடம்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டார். கிராமத்தில் இருந்து கிராமத்தவர்க்கு வைத்தியம் செய்வோரே தேவை என்று துணிந்து, 1864 ஆம் ஆண்டிலே தமிழிற் கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கினார். லயனெக்குக்கு நேர்ந்த இடர்ப்பாடு இங்கே வேறு உருவில் வந்தது. உறுப்புக்கும் நோய்க்கும் குறிக்கும் தமிழிலே பெயர் வேண்டும். கிறீன் வகுத்த வழி நேரானது: தமிழ் வைத்திய நூல்களிலும் வழக்கிலும் சொல் உண்டா என்று முதலிலே தேடு, இல்லையேல் வடமொழியிற் பார், அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. இன்று கலைச்சொல் ஆக்குவோர் சிலர் முதற்படியை மறந்துவிடுகின்றனர்.

இவ்வழியிலே நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. ‘இரணவைத்தியம்’ 1867 ஆம் ஆண்டில் வந்தது. ‘மனுஷ அங்காதிபாதம்’, நோய்களின் குறிகளையும் வைத்தியத்தையும் கூறும் ‘வைத்தியாகரம்’ ஆகியவை 1872 ஆம் ஆண்டில் வந்தன. அவர் தனியே செய்த வேலையன்று இது. அவரிடம் கற்று வைத்தியரான தமிழர் பலர் மொழிபெயர்ப்பில் அவரோடு உழைத்தனர். நோயாளிக்கு விளங்காதிருக்க லயனெக் இலத்தீனை நாடினார். மானிப்பாயிலோ நோயாளியின் மொழியும் மாணவனின் மொழியும் நூலின் மொழியும் ஒன்றாயின. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்பதற்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டியிருக்கவில்லை. நோயாளி சொல்லும் ‘குத்து’, ‘உளைவு’, ‘இழுப்பு’ ஆகிய சொற்களுள் ஒன்றுக்கொன்று எத்தனை வேறுபாடு! கேட்கும் வைத்தியனுக்கும் அவை தாய்மொழிச் சொற்களாய் இருந்தால், சோதனையிற் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இடையிலே உடல்நலம் குன்றித் தாயகம் சென்று 1862 ஆம் ஆண்டில் மீண்டு வந்த கிறீன், 1873 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தை விட்டு இறுதியாகப் புறப்பட்டார். அதற்கிடையில் அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அமெரிக்காவில் இருந்தபடியே தமிழ் வைத்திய நூற்பணியை அவர் விடாது செய்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் 28 ஆம் நாள் அவர் காலமானார். மானிப்பாயிலே அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் இருக்கிறது.